உயர்தரப் பௌதிகவியல்: பாடமும் பரீட்சையும் எவ்வாறு அமைந்துள்ளன?

கேள்வி: நல்லூரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனது மகள் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ சித்தி பெற்று, உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்திருக்கிறாள். உயிரியலும் இரசாயனவியலும் அவளுக்கு விருப்பமான பாடங்கள். ஆனால் அயலில் உள்ள மூத்த பிள்ளைகள், பயோ படிப்பவர்களைப் பௌதிகவியல்தான் விழுத்தும் என்று சொல்லிச் சொல்லி அவளைப் பயப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நான் கலைப் பிரிவில் படித்தவள் என்பதால் அவளுக்கு விளக்கம் சொல்ல இயலவில்லை. இரண்டு ஆண்டுகளில் என்னென்ன படிப்பிக்கிறார்கள், வினாத்தாள்கள் எவ்வாறு அமைகின்றன, செய்முறைப் பரீட்சை உண்டா, இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இவளுக்கும் ஒரே வினாத்தாள்தானா என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும். இப்போதே இரண்டு மூன்று இடங்களில் ரியூசனுக்குச் சேர்த்துவிட வேண்டும் என்றும் சிலர் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், வடமராட்சி

அம்மா, தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தில் பௌதிகவியல் 11 அலகுகளாகவும் மொத்தம் 600 பாடவேளைகளாகவும் வகுக்கப்பட்டுள்ளது. அளவீட்டுக்கு 20 பாடவேளைகள்தாம். பொறிமுறைக்கு 110, அலைவுகளுக்கும் அலைகளுக்கும் 100, ஓட்ட மின்னியலுக்கு 70. அதன்பின் வெப்பம், ஈர்ப்புப் புலம், நிலைமின் புலம், காந்தப் புலம், இலத்திரனியல் என்பனவும், மீள்தன்மை, பிசுக்குமை, மேற்பரப்பிழுவை ஆகியவற்றைக் கொண்ட சடப்பொருளின் இயல்புகளும், இறுதியாகச் சடமும் கதிர்ப்பும் என்ற அலகும் வருகின்றன. பொறிமுறையும் அலைகளும் சேர்ந்தே பாடத்தின் மூன்றிலொரு பங்கைத் தாண்டிவிடுவதைக் கவனியுங்கள். 12ஆம் தரத்தில் இவ்விரண்டிலும் தடுமாறும் பிள்ளை பின்னர் புலங்களைப் படிக்கும்போது மீண்டும் தடுமாறுகிறது, ஏனெனில் அங்கும் விசை, வேலை, சக்தி என்ற அதே எண்ணக்கருக்களே திரும்ப வருகின்றன.

பரீட்சையில் இரண்டு தாள்கள் உண்டு. முதலாவது, 2 மணித்தியாலத்தில் விடையளிக்க வேண்டிய 50 பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். இரண்டாவது தாளுக்கு 3 மணித்தியாலமும் அதற்கு முன்னர் வாசிப்பதற்கென 10 நிமிடங்களும் தரப்படும். அதன் ஏ பகுதியிலுள்ள நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயமானவை. பி பகுதியிலுள்ள ஆறு கட்டுரை வினாக்களில் நான்கிற்கு விடையெழுத வேண்டும். கணிப்பானுக்கு அனுமதி இல்லை. ஈர்வை ஆர்முடுகலை 10 எனக் கொள்ளுமாறு வினாத்தாளிலேயே குறிப்பிட்டிருப்பார்கள்.

தனியான செய்முறைப் பரீட்சை இப்போது இல்லை. இதைக் கேட்டதும் பல பெற்றோர் நிம்மதியடைவதைக் கண்டிருக்கிறேன். அது தவறான நிம்மதி. ஏ பகுதியின் நான்கு வினாக்களும் பெரும்பாலும் பரிசோதனைகளைத் தழுவியே அமைகின்றன. அளவீடு அல்லது பொறிமுறை, வெப்பம், அலைகள் அல்லது ஒளியியல், மின்னியல் என்ற வரிசையை ஆண்டுதோறும் காணலாம். இரண்டாம் தாளின் புள்ளிகளில் 40 வீதம் அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கம்பியொன்றின் விட்டத்தை, மிகச் சிறிய தடிப்புகளை அளக்கும் கருவியான திருகுக் கணிச்சியால் அளக்கும்போது, முனையிலுள்ள சிறு குமிழைத் திருகி, 'கிடக்' என்ற ஒலி வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னர் தாடைகளை வெறுமனே மூடிப் பூச்சிய வழுவை, அதாவது பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் வாசிப்பை, பார்க்க வேண்டும். வாசிப்பு 2.37 மில்லிமீற்றராகவும் பூச்சிய வழு நேராக 0.04 மில்லிமீற்றராகவும் இருந்தால், உண்மையான விட்டம் 2.33 மில்லிமீற்றர். பின்னர் அதே இடத்தில் செங்குத்தான திசையிலும், கம்பியின் வேறு இடங்களிலும் அளக்க வேண்டும். ஏன் அவ்வாறு அளக்கிறோம் என்று வினாத்தாள் கேட்கும். கம்பி எங்கும் ஒரே தடிப்பாகவோ சரியான வட்டமாகவோ இருக்குமென்று சொல்ல முடியாது என்பது கருவியைக் கையில் பிடித்த பிள்ளைக்கு யோசிக்காமலே வரும். குறிப்பை மனனம் செய்த பிள்ளைக்கு, வினா சற்று மாறினாலும் விடை தப்பிவிடும்.

பதில்: மருத்துவ பீட மாணவி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்

அம்மா, நானும் உயிரியல் பிரிவில் படித்தவள். வினாத்தாள் இரு பிரிவினருக்கும் ஒன்றே. இணைந்த கணிதம் படிப்பவர்களுக்கு விசைகளைக் கூறாக்குவதும் சமன்பாடுகளைக் கையாள்வதும் நாளாந்தப் பழக்கம் என்பதால் பொறிமுறையில் அவர்களுக்கு ஒரு முந்துகை இருப்பது உண்மைதான். ஆயினும் அட்சரகணிதம், திரிகோணகணிதம், மடக்கை, வரைபு ஆகியவை உறுதியாக இருந்தால் இந்த வினாத்தாளை எதிர்கொள்ளலாம். முதல் மூன்று மாதங்களில் காவிகளை, அதாவது பருமனும் திசையும் கொண்ட கணியங்களை, நான் திரும்பத் திரும்பச் செய்தது பின்னர் பெரிதும் கைகொடுத்தது.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புள்ளிகளின் விகிதப்படி பிரித்தால் ஓர் அமைப்புக் கட்டுரைக்கு 18 நிமிடமும் ஒரு கட்டுரைக்கு 27 நிமிடமும் கிடைக்கும். முதல் தாளில் ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. எனக்குத் தெரிந்த பலர் பாடம் தெரியாமல் அல்ல, பி பகுதியின் முதல் வினாவான ஐந்தாம் வினாவிலேயே ஒரு மணித்தியாலத்தைச் செலவழித்துவிட்டுத்தான் புள்ளிகளை இழந்தார்கள். ஒன்பதாம் வினாவில் ஓட்ட மின்னியலும் இலத்திரனியலும், பத்தாம் வினாவில் வெப்பமும் சடமும் கதிர்ப்பும் ஏ, பி எனத் தெரிவுகளாக வருவது வழக்கம். அதை நம்பி ஓர் அலகை முற்றாக விட்டுவிடுவோரும் உண்டு. அது கூடாது, விட்ட அலகு பல்தேர்வில் வந்து நிற்கும்.

செய்முறை குறித்து ஆசிரியர் எழுதியது முற்றிலும் சரி. நான் படித்த பாடசாலையில், ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் கருவியான திருசியமானி நீண்டகாலம் அலுமாரியிலேயே பூட்டிக் கிடந்தது, நாங்களும் படத்தைப் பார்த்தே படித்தோம். இரண்டாம் ஆண்டில் வந்த ஆசிரியர் ஒருவர் அதை வெளியே எடுத்து, தொலைகாட்டியை யன்னலுக்கு அப்பால் தொலைவில் நின்ற பனையொன்றை நோக்கித் திருப்பி, தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்யச் சொன்னார். பனை தலைகீழாகத் தெரிந்தது. சமாந்தரக் கதிர்களுக்காகத் தொலைகாட்டியைச் செப்பஞ்செய்தல் என்று ஓராண்டாக எழுதிவந்த வரியின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பதில்: கணிதப் பட்டதாரி, கொக்குவில்

இசட் புள்ளியைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். 75 அல்லது அதற்கு மேல் ஏ, 65 முதல் பி, 55 முதல் சி, 35 முதல் எஸ் என்று தரம் வழங்கப்படும். ஆனால் பல்கலைக்கழக அனுமதி அந்த எழுத்துகளைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. பிள்ளையின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையை (சராசரிப் புள்ளியை) கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்துள்ளன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்து இசட் புள்ளியைக் காண்கிறார்கள். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளினதும் சராசரியே கணக்கில் எடுக்கப்படுகிறது. விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பாடத்தின் இடை 40, நியம விலகல் 16 எனில் 72 புள்ளிக்கு இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் இடை 52, நியம விலகல் 20 எனில் அதே 72 புள்ளிக்கு 1 மட்டுமே. ஆகவே வினாத்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் 60 எடுத்த பிள்ளை மனமுடையத் தேவையில்லை.

மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. யாழ்ப்பாண மாவட்டத்தில் போட்டி கடுமையானது என்பதால் தசமதானங்களில்கூட இடம் தவறிப்போகும்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளும் அருகிலிருந்து வாசித்தாள். ரியூசனைப் பற்றியும், கடந்தகால வினாத்தாள்களை எப்போது தொடங்குவது என்பதைப் பற்றியும் ஐயா ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஓரிடம் போதும் அம்மா. மூன்றிடத்தில் ஒரே அலகைக் கேட்கும் பிள்ளைக்கு, தானாக ஒரு கணக்கோடு மல்லுக்கட்டும் நேரம் கிடைக்காது. பௌதிகவியல் அந்த நேரத்தில்தான் படிகிறது. ஓர் அலகு முடிந்தவுடனேயே அந்த அலகிற்குரிய கடந்தகால வினாக்களைச் செய்யத் தொடங்கலாம், இரண்டாம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டாம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைகளை மகள் தவறவிடக் கூடாது. அவற்றின் புள்ளிகள் இறுதிப் பெறுபேற்றில் சேராவிட்டாலும், முழுத் தாளையும் நேரக் கட்டுப்பாட்டோடு எழுதும் பழக்கம் அங்கிருந்து வரும். விடைத்தாள் கைக்கு வந்ததும், புள்ளியிடும் திட்டத்தை அருகில் வைத்து, எந்த வரிக்குப் புள்ளி கிடைத்தது, அளவீட்டு அலகை எழுதாததால் எங்கே போனது, வரைபின் படித்திறனை (சரிவை) காணக் கோட்டில் அருகருகே உள்ள இரு புள்ளிகளை எடுத்ததால் எங்கே போனது என்று சிவப்பு மையால் குறிக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே பாடசாலையில் திருகுக் கணிச்சியைக் கேட்டு வாங்கி, தனது தலைமயிர் ஒன்றின் தடிப்பை அளந்து பார்க்கட்டும். வாசிப்பை இங்கே எழுதினால் சரிபார்த்துத் தருகிறேன்.