கொல்லிமலை: ஸ்கூட்டரில் இருவர், 70 வளைவு, ஆகாய கங்கைப் படிகள் – யோசனை வேண்டும்

கேள்வி

வணக்கம். நானும் அக்காவும் நாமக்கல் வழியாகக் கொல்லிமலை போவதாக இருக்கிறோம். 110 சிசி ஸ்கூட்டர். அக்காவுக்கு 52 வயது, முழங்கால் வலி உண்டு. ஆனாலும் ஆகாய கங்கை அருவியைப் பார்த்தே தீருவேன் என்கிறார். கூட்டமில்லாமல் அமைதியாக இருக்க வேண்டும். வண்டி ஏறுமா? அவரால் படி இறங்க முடியுமா?

பதில் 1

வண்டி ஏறும். பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளியில் மலை தொடங்கும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். பல ஸ்கூட்டர்களில் இருவர் போகப் பின் டயருக்கு 36 பிஎஸ்ஐ காற்று. உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் அளவை ஒருமுறை பாருங்கள்.

ஏறும்போது வளைவுக்குள் போய் ஆக்சிலரேட்டரை விடாதீர்கள். வேகம் செத்தால் இரண்டு பேர் எடையோடு மறுபடி கிளப்புவது சிரமம், பெல்ட்டும் கிளட்ச்சும் சூடாகும். மேலே பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். பஸ் திரும்பும்போது முழுச் சாலையும் அதற்கு வேண்டும்.

இறங்கும்போது இன்ஜினை அணைக்கவே கூடாது. ஸ்கூட்டரில் கியர் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் கழன்று வண்டி சும்மா உருளும். அப்போது மொத்தச் சுமையும் பிரேக்கில் விழும். அதனால் லேசாகத் திருகிப் பிடித்தபடி இறங்குங்கள். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லிவரை அழுத்தினாலும் வண்டி நிற்காது. பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒரு தடவை அகலமான இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அக்காவிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: வண்டி சாயும் பக்கமே அவரும் சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே இழுக்கும். இறக்கத்தில் ஒரு கை பின்கம்பியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் எடை உங்கள் முதுகில் வந்து விழும்.

பதில் 2

படியைப் பற்றி நான் சொல்கிறேன். அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. அருவி சுமார் 300 அடி. இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி என்று வையுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான், உட்கார்ந்தால் சரியாகிவிடும். முழங்கால் அடி வாங்குவது இறங்கும்போது. படிகள் ஒரே உயரமாகவும் இல்லை. வலி உள்ளவரை நிச்சயமாக இறக்காதீர்கள், பாதியில் நின்றால் திரும்ப ஒரே வழி அதே படிதான்.

அவருக்கு மாசிலா அருவி போதும், நடை குறைவு. சீக்குப்பாறை காட்சிமுனை, வாசலூர்பட்டி படகு இல்லம் இரண்டுக்கும் வண்டியிலேயே போகலாம்.

நீங்கள் இறங்குவதானால் காலை 9 மணிக்குள் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பின்வார் உள்ள செருப்பு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். கையில் பை தொங்கினால் குரங்கு பிடுங்கும், முதுகில் மாட்டுங்கள். மழைக்குப் பிறகு படியின் ஓரத்தில் பாசி இருக்கும், நடுவில் கால் வையுங்கள். நீர்வரத்து அதிகமானால் வனத்துறை இறங்க விடாது. அதோடு வாதாடாதீர்கள், மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அக்கா ஒப்புக்கொண்டார், ஆனால் முடவாட்டுக்கால் சூப் குடித்தால் வலி போய்விடும், பிறகு இறங்கலாம் என்கிறார்! புதன்கிழமை போனால் கூட்டம் இருக்காதல்லவா?

பதில் 3

முடவாட்டுக்கால் கிழங்கு பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமம் மூடியிருக்கும். அதைச் சுரண்டினால் உள்ளே வெளிர்பச்சை. மெலிதாக நறுக்கி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்கவைப்பார்கள். மலைக்குளிருக்கு அருமை. ஆனால் ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஆயிரம் படி இறங்குவதற்கு அது மருந்து அல்ல. வாங்குவதானால் ஒரு துண்டு போதும். பாறையில் கண்டால் தயவுசெய்து பிடுங்காதீர்கள், மெதுவாக வளர்வது.

புதன் நல்ல நாள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அந்த வாரம் மட்டும் வேண்டாம். ஒரே நாளில் முடியும் என்றாலும் மலைமேல் உள்ள செம்மேட்டில் ஓர் இரவு தங்குவது மேல். அப்போதுதான் அருவி ஏறிய களைப்போடு, இருட்டில், அத்தனை வளைவும் இறங்க வேண்டியிராது.

பள்ளத்துக்குள் போன் சிக்னலை நம்பாதீர்கள். பிரியும் முன்பே "இத்தனை மணிக்குக் கோயில் வாசலில்" என்று பேசிக்கொள்ளுங்கள், அதில் ஒரு மணி நேரம் கூடுதலாகவே சொல்லுங்கள். வண்டிச் சாவி அக்காவிடம் இருக்கட்டும்.