மறு: ‘பங்களிப்பு’ வேண்டாம், ‘பங்கு மீட்பு’ன்னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம். கழிவால கெட்ட நிலத்தைச் சுத்தம் பண்ற செலவை யார் தாங்கணும்னு சொல்ற அமெரிக்கச் சட்டத்துச் சொல்லுங்களுக்குத் தமிழ் தேடிக்கிட்டிருக்கோமே, அதுல ‘கான்ட்ரிப்யூஷன்’ முதலான சொல்லுங்களைப் பத்தி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> கான்ட்ரிப்யூஷன் = பங்களிப்பு. எல்லா அகராதியிலயும் இருக்கு, புதுசா எதுக்கு?

ஐயா, அகராதியில இருக்கறதாலயே சட்டத்துக்கு ஒத்துவந்துடாது. பங்களிப்புன்னா கோயில் திருப்பணிக்குக் குடுக்கறாப்பல மனசார குடுக்கறதுன்னுதான் படிக்கறவங்க நெனப்பாங்க. இங்க மனசார யாரும் குடுக்கல. துப்புரவுச் செலவு மொத்தமும் ஒருத்தர் தலையில விழுந்து, அவர் மத்தவங்க மேல கேஸ் போட்டு அவங்கவங்க பங்கை வாங்கறதுக்குத்தான் அமெரிக்கச் சட்டத்துல அந்தப் பேரு.

பின்னணி தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவுல நயாகரா ஃபால்ஸ் ஊர்ல லவ் கேனால்னு ஒரு பழைய வெட்டு வாய்க்கால், அதுல ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி 20,000 டன்னுக்கு மேல ரசாயனக் கழிவைப் புதைச்சுட்டு 1953-ல பள்ளிக்கூட போர்டுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் குடுத்துச்சு, அதுக்கு மேலயே ஸ்கூலும் பக்கத்துல வீடுகளும் வந்து, 1978-ல ஜனங்களைக் காலி பண்ண வேண்டியதாப் போச்சு. அந்தக் கொதிப்புல 1980-ல வந்ததுதான், இப்படிக் கெட்ட இடங்களைச் சுத்தம் பண்ண வைக்கற சூப்பர்ஃபண்ட் சட்டம். செலவுக்கு நாலு வகை ஆளுங்களைப் பிடிக்கலாம்: இப்போ இடத்தை வச்சிருக்கறவர், கழிவு கொட்டினப்போ வச்சிருந்தவர், கழிவை அங்க கொட்ட ஏற்பாடு பண்ணவர், கொட்டற இடத்தைத் தானே பாத்துக் கழிவை ஏத்திட்டுப் போனவர். கவனக்குறைவா இருந்தாங்களான்னு கேள்வியே இல்ல, சட்டம் வர்றதுக்கு முன்னாடி கொட்டினதுக்கும் சேத்தே பொறுப்பு.

அடுத்தது ஜாயின்ட் அண்ட் செவரல். இதுக்குப் போன மடல்ல ஒருத்தர் ‘கூட்டுப் பொறுப்பு’ன்னு போட்டிருந்தாரு, அது பத்தாது. கூட்டுன்னதும் ஆளுக்குக் கொஞ்சம்னுதான் தோணும். பிராமிசரி நோட்ல ‘நாங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும்’னு எழுதி மூணு பேரு கையெழுத்துப் போட்டா என்ன ஆகுது, பாங்க்காரன் வசதியான ஒருத்தரைப் பிடிச்சு முழுத் தொகையும் கேப்பான், மத்த ரெண்டு பேரு கிட்ட வாங்கிக்கறது அவர் பாடு. இங்கயும் அதேதான். அதனால ‘முழு’ங்கற சொல் உள்ள வந்தே ஆகணும், ‘கூட்டு முழுப்பொறுப்பு’ன்னு வைக்கலாம்னு என் கருத்து.

> அப்போ அப்போர்ஷன்மென்ட்டும் (பொறுப்பைப் பிரிக்கறது) கான்ட்ரிப்யூஷனும் ஒண்ணுதானே, ரெண்டுக்கும் ‘பங்கீடு’ போதாதா?

போதாது, ரெண்டும் வேற வேற கட்டத்துல வருது. கலிபோர்னியாவுல ஆர்வின்னு ஒரு ஊரு, பிரவுன் அண்ட் பிரையன்ட்னு பூச்சிமருந்து விக்கற கம்பெனி அங்க மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்துட்டு 1989-ல கடையைக் கட்டிடுச்சு, கையில பைசா கிடையாது. அந்தக் கம்பெனிக்கு நிலத்துல ஒரு துண்டை வாடகைக்கு விட்டிருந்த ரெண்டு ரயில்வே கம்பெனிங்க மாட்டிக்கிச்சு. விசாரணை நீதிமன்றம் உக்காந்து கணக்குப் போட்டுச்சு: ரயில்வே துண்டு மொத்தப் பரப்புல 19 சதவீதம், கம்பெனி நடந்த மொத்தக் காலத்துல வாடகைக்கு விட்ட காலம் 45 சதவீதம், அந்தத் துண்டுல சிந்தின ரெண்டு மருந்தால வந்த கேடு மூணுல ரெண்டு பங்கு, பெருக்கினா சுமார் 6 சதவீதம், கணக்குல பிசகு இருக்கலாம்னு பாதி கூட்டி 9 சதவீதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஒத்துக்காம முழுச் செலவுக்கும் பொறுப்புன்னுச்சு. 2009-ல சுப்ரீம் கோர்ட் அந்த 9 சதவீதமே சரின்னு சொல்லிடுச்சு. மீதி? அரசாங்கத்தோட தலையில.

பாருங்க, இங்க அரசாங்கத்துக்கு எதிரா ‘என் பங்கு இவ்வளவுதான், முழுப்பொறுப்பே எனக்கு இல்ல’ன்னு பிரிச்சுக் காட்டறாங்க. இதுக்குப் ‘பொறுப்புப் பகுப்பு’ன்னு சொல்லலாம். பிரிச்சுக் காட்ட முடியாதவங்க முழுசும் கட்டிட்டு அப்புறமா சக கம்பெனிங்க கிட்டப் போறாங்க பாருங்க, அதுதான் கான்ட்ரிப்யூஷன். அங்க நீதிபதி கழிவோட அளவு, நச்சுத்தன்மை, எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாங்க, அரசாங்கத்தோட ஒத்துழைச்சாங்களான்னு நியாயம் பாத்துப் பிரிப்பாரு. இதுக்குத்தான் ‘பங்கு மீட்பு’. தன் கைக்காசுல துப்புரவு பண்ணவர் கேக்கறதுக்குச் ‘செலவு மீட்பு’. ரெண்டும் ஜோடியா நிக்குது, வேறுபாடும் பளிச்சுனு தெரியுது.

இன்னொரு சோதனை பண்ணிப் பாருங்க. அரசாங்கத்தோட செட்டில்மென்ட் முடிச்சவர் மேல மத்தவங்க இந்தக் கேஸ் போட முடியாது, 1986 திருத்தத்துல வந்த காப்பு அது. அதைப் ‘பங்களிப்புப் பாதுகாப்பு’ன்னா நன்கொடையைப் பூட்டி வைக்கறாப்பல இருக்கு. ‘பங்கு மீட்புக் காப்பு’ன்னா ஓரளவாவது புரியுது.

> மீட்புன்னா தீயணைப்புப் படை ஞாபகம் வருதே?

வரும்தான், ஆனா அடகு நகையை மீக்கறது, கடன் மீட்புத் தீர்ப்பாயம்னு பண வழக்கும் நமக்குப் பழக்கம்தானே அண்ணா. ஒரே சிக்கல், நிலத்தைச் சுத்தம் பண்றதையும் சிலர் ‘மண் மீட்பு’ன்னு எழுதறாங்க, அதைச் ‘சீரமைப்பு’ன்னு மாத்திடணும்.

ஆர்பன் ஷேருக்கு ‘அநாதைப் பங்கு’ன்னு வந்திருக்கு. திவாலாகிப்போன, கலைஞ்சுபோன கம்பெனியோட பங்கு அது, கேக்க ஆள் இல்ல. ‘ஆளில்லாப் பங்கு’ன்னா போதும், பெத்தவங்க இல்லாத பிள்ளைங்களை இதுல இழுக்க வேண்டாம்.

நம்ம ஊர்ல இந்தச் சொல்லெல்லாம் ஏன் இன்னும் புழங்கலன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. 1996 வேலூர் வழக்குல பாலாத்துப் பக்கத் தோல் ஆலைங்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டு, மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்ங்கறதை சுப்ரீம் கோர்ட் நாட்டுச் சட்டமாவே ஏத்துக்கிச்சு. அந்தக் கொள்கைக்குத் தமிழ் வந்துடுச்சு. பல ஆலை சேந்து கெடுத்த ஒரே ஆத்துக்கு எவன் எவ்வளவுன்னு ஆலைக்காரங்களே ஒருத்தர் மேல ஒருத்தர் வழக்குப் போடற கட்டம் வந்தா, அந்த மனுவை எழுத இந்தச் சொல்லுங்க வேணும்.

செலவுக்குப் பிடிக்கக்கூடிய அந்த நாலு வகை ஆளுங்களுக்கு (பொட்டென்ஷியலி ரெஸ்பான்சிபிள் பார்ட்டி) வச்சிருக்கற ‘பொறுப்பேற்கக்கூடிய தரப்பு’ங்கறதுல மட்டும் எனக்கு இன்னும் நெருடல். ஏற்கறதுன்னா தானா முன்வர்றது. ‘பொறுப்பாகக்கூடிய தரப்பு’ன்னு மாத்தலாமா? கோர்ட்டுல மனு எழுதற நண்பர்கள் வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.