அடினைன் ஏன் சைட்டோசினோடு சேராது? தமிழில் படம் இருந்தால் கொடுங்க

வணக்கம்ங்க. கோபிச்செட்டிபாளையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாயங்காலம் உயிரியல் சொல்லித் தருகிறேன். டி.என்.ஏ. ஏணியின் படிகளாக ஜோடி சேரும் நான்கு காரங்களில், அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின் என்று எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஒரு பெண் மட்டும், "பியூரினும் பிரிமிடினும் சேர்ந்தாத்தான் டி.என்.ஏ. அகலம் சரியா வரும்னீங்க. அடினைன் பியூரின், சைட்டோசின் பிரிமிடின். அதுக ரெண்டும் ஏன் சேரலீங்க?" என்று கேட்டாள். (பியூரின் என்பது இரண்டு வளையம் கொண்ட பெரிய காரம், பிரிமிடின் ஒரே வளையம் கொண்ட சிறிய காரம்.) அருமையான கேள்வி!

அகலம் மட்டும் போதாது. ஹைட்ரஜனைத் தரும் இடத்துக்கு எதிரே அதை ஏற்கும் இடம் வரவேண்டும் என்று விளக்கினேன். அடினைன், தைமின் இடையே அப்படி 2 பிணைப்புகள். குவானைன், சைட்டோசின் இடையே 3. அடினைனுக்கு எதிரே சைட்டோசினை வைத்தால் தரும் இடத்துக்கு எதிரே தரும் இடமும், ஏற்கும் இடத்துக்கு எதிரே ஏற்கும் இடமுமே வரும். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் போர்டில் வரைந்ததும் எது நைட்ரஜன், எது ஆக்சிஜன் என்று குழம்பிவிட்டார்கள்.

இந்த நான்கு காரங்களையும், தரும் இடம் ஒரு நிறம், ஏற்கும் இடம் வேறு நிறமாகக் காட்டி, தமிழில் பெயர் எழுதிய படம் யாரிடமாவது இருக்கிறதா? அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. ஈரோடு, சத்தியமங்கலம் பக்கம் ஆசிரியர்கள் யாராவது செய்து வைத்திருந்தால் நேரிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன். திருப்புதல் தேர்வுக்கு முன்னால் கிடைத்தால் பெரிய உதவிங்க.