ஹீட்டட் கிரிப்: வெம்பிடியா, கணப்புப் பிடியா?

அன்புள்ள குழுவினர்க்கு,

பழைய டூரிங் பைக்குகளுக்கான குளிர்காலக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும். மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடியான ஹீட்டட் கிரிப்புக்கு வெந்நீர் போல "வெம்பிடி" என்று முன்மொழிகிறேன். கையுறை, சட்டைக்குள் போடும் சூடான உள்ளங்கி, கையோடு சேர்த்துப் பிடியை மூடும் உறையான ஹேண்டில்பார் மஃப் எல்லாவற்றுக்கும் "வெம்" என்ற முன்னொட்டே போதும்.

---

> ஹேண்டில்பார் மஃப் எல்லாவற்றுக்கும் "வெம்" என்ற முன்னொட்டே போதும்

மஃபை இதில் சேர்க்காதீர்கள் ஐயா. அது சூடு தராது, காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். பழைய வண்டிக்காரர் எதை வாங்கலாம் என்பதே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 1980களின் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்டியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 280 வாட். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால்தான். ஐடிலிங்கில் அதில் ஒரு பங்குதான் வரும். ஹெட்லைட்டுக்கே 55 வாட் போய்விடும். இக்னிஷன், பின்விளக்கு, பேட்டரி சார்ஜ் எல்லாம் அதற்கு மேல். கிரிப் ஜோடி 30–40 வாட், அதைத் தாங்கும். 75–90 வாட் உள்ளங்கியும் சேர்ந்தால் ஊருக்குள் நெரிசலில் பேட்டரி இறங்கும்.

ஆகவே இரண்டு குடும்பங்கள் வேண்டும். மின்சாரம் எடுப்பது "கணப்பு", எடுக்காதது "காப்பு". மலையூர் வீடுகளில் கணப்பு அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. கணப்புப் பிடி, கணப்புக் கையுறை, கணப்பு உள்ளங்கி என்று தானாக வரிசை வரும். "வெம்பிடி"யைக் கேட்டால் வெம்பிய மாங்காய்தான் நினைவுக்கு வருகிறது.

---

கணப்புக்கு என் வாக்கு. பழைய கிரிப்புக்கு அடியில் ஒட்டும் தகட்டை "கணப்புப் பட்டை" என்போம். அதில் இடம், வலம் என்பதைச் சொல்லிலேயே காட்ட வேண்டும்: இடக்கணப்பு, வலக்கணப்பு. இடப்பக்கம் பட்டை நேராக இரும்புக் குழாயில் உட்காருகிறது, குழாய் சூட்டை உறிஞ்சிவிடும். வலப்பக்கம் ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழல் நடுவில் இருப்பதால் சூடு கைக்கே வரும். இரண்டும் ஒரே வாட் என்றால் வலக்கை சுடும், இடக்கை வெதுவெதுப்போடு நிற்கும். இடக்குழாயில், சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழல் ஒரு சுற்று போட்டுவிட்டுப் பட்டையை ஒட்டினால் சரியாகும்.

வலக்கணப்பின் ஒயருக்குத் தளர்வு விடுங்கள். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பாவிட்டால் ஒயர் இழுக்கிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. மின்சாரம் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக வரட்டும்; ரிலேயைப் பின்விளக்கு ஒயர் இயக்கட்டும். சாவியை எடுத்ததும் கணப்பும் அணையும்.

---

"காப்பு" பற்றி ஒரு திருத்தம். மஃபைக் "கைக்காப்பு" என்றால் வளையல் என்றுதான் படிப்பார்கள். "பிடியுறை"யும் வேண்டாம், "பிடிக்கூடு" என்போம். துணி மட்டுமே உள்ள மஃப் வேகத்தில் காற்றழுத்தத்தால் உள்ளே அமுங்கி லீவர்மேல் சாயும். பிரேக் விளக்கு அணையாமல் எரியும், மறுபக்கம் கிளட்ச் வழுக்கும். உள்ளே விறைப்பான சட்டம் இருந்தால்தான் வாங்க வேண்டும். கூடு என்ற சொல்லே அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்க வைக்கும்.

கணப்புப் பிடி உள்ளங்கையைத்தான் சூடாக்கும், விரல்களின் புறப்பக்கம் காற்றில் விறைக்கும். பிடிக்கூடும் சேர்ந்தால் பெரும்பாலும் குறைந்த சூட்டு நிலையே போதும். 280 வாட் வண்டியில் கூட்டைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். கையேட்டிலும் காப்புப் பகுதி முன்னே, கணப்புப் பகுதி பின்னே வரட்டும்.