புதுப்பிப்பு: பூஞ்சணம் பிடிச்ச பிங்க் ஃபிளாய்ட் தட்டு இப்ப பாடுது

தெஹிவளையில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களோடு வாங்கின பிங்க் ஃபிளாய்ட் ரொக் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' இசைத்தட்டை எப்படிக் கழுவுறது, இது இங்கிலாந்து முதல் பதிப்பா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

காய்ச்சி வடிச்ச தண்ணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் அல்ககோல் கலந்து, லேபிள் நனையாமல், மைக்ரோஃபைபர் துணியால் வரிகளின் போக்கிலேயே துடைச்சன். (நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய அரக்குத் தட்டுகளுக்கு அல்ககோல் கிட்டவும் வேண்டாம், கரைஞ்சிடும்.) பழைய உள்ளுறையை எறிஞ்சிட்டன். வெள்ளவத்தைக் கடல்காத்துக்கு அந்தக் காகிதத்திலதான் பூஞ்சணம் குடியிருக்கும்.

'டைம்' பாட்டுத் தொடக்கத்து மணிக்கூடுகளை ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் தனித்தனியாகப் பதிவு செய்தவர். முந்தி ஒரே இரைச்சலாக் கேட்டது, இப்ப ஒவ்வொரு மணியும் பிரிஞ்சு கேக்குது. மயிர் கூச்செறிஞ்சது! இரண்டாம் பக்கக் கடைசியில் மட்டும் மெல்லிய பொரிச்சல் இருக்கு.

முதல் பதிப்பு இல்லை. 1973 முதல் பதிப்பின் லேபிளில் முக்கோணம் முழு நீலமாக நிரம்பியிருக்கும், இதில் வெறும் கோடுதான். தட்டோடு வந்த பிரமிட் போஸ்டர் மடிப்புக் கிழியாமல் உள்ளே இருக்கு, ஸ்டிக்கர்கள் இல்லை. விலை கேட்ட தம்பிமாருக்கு: விற்கிற எண்ணம் இல்லை.

பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' தட்டைத் தேடுற அண்ணா, அதே வீட்டில் இன்னொரு பெட்டி இருக்காம். பார்த்திட்டு எழுதுறன்.