இளம் குளவிகள் அசுவினியைத் தொடவே மாட்டேன் என்கின்றன, உதவுங்கள்

பச்சைஇலை:
அவசரம். அசுவினியைக் குத்தி உள்ளே முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளின் வயதை வைத்து ஒரு சோதனை செய்கிறேன். 1 நாள் ஆனவற்றையும் 6 நாள் ஆனவற்றையும் தனித்தனித் தட்டில் விட்டு, ஒரு இலையும் 20 அசுவினியும் வைத்து 10 நிமிடம் பார்க்கிறேன். வயதானவை விட்டதுமே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இளசுகள் தட்டின் விளிம்பையே சுற்றி வருகின்றன, உணர்கொம்பைத் துடைக்கின்றன, மூடியில் ஏறி நின்றுகொள்கின்றன. 12-ல் 9 ஒரு முறைகூடக் குத்தவில்லை. இளசுக்குத்தானே வேகம் இருக்க வேண்டும்? நாளை மறுபடி ஓட்ட வேண்டும். எங்கே தப்பு?

கூண்டுக்காரி:
எந்தக் குளவி, எந்த அசுவினி, என்ன செடி, வெப்பம் எவ்வளவு? இளசுகளுக்குத் தேன் வைத்தீர்களா? இணை சேர்ந்தவையா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நிழல்தேடி:
மூடியில் ஏறுகிறது என்றால் விளக்குதான் காரணம். இந்தக் குளவிகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். விளக்கை நேர் மேலே வைக்காதீர்கள். எல்லாப் பக்கமும் சீராக வெளிச்சம் விழும்படி ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி வையுங்கள். எனக்கு இதிலேயே சரியானது.

மழைக்குறி:
அன்று மழை மேகம் இருந்ததா? 1993-ல் லெப்டோபிலினா குளவியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. காற்றழுத்தம் இறங்கினால் அது, ஆயுள் குறுகிவிட்டது போல, ஏற்கனவே முட்டை வைத்த புழுவில் மறுபடியும் வைக்கிறது. காற்றழுத்தத்தை யாரும் குறித்து வைப்பதே இல்லை.

நுண்ணாடி:
அது பழ ஈயின் புழுவைத் தாக்கும் குளவி, அசுவினிக் குளவி அல்ல. அதோடு, ஒரே நாளில் ஒரே அறையில் இரண்டு வயதையும் பார்த்திருந்தால் காற்றழுத்தம் இரண்டுக்கும் ஒன்றுதானே? தம்பி பச்சைஇலை, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். இளசுகள் இணை சேர்ந்திருக்காது, அதனால் முட்டையிடவில்லை, அவ்வளவுதான்.

கூண்டுக்காரி:
அது சரியில்லை ஐயா. இணை சேராத பெண்ணும் குத்தும், முட்டையும் வைக்கும். அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும்.

பச்சைஇலை:
மன்னிக்கவும், இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அபிடியஸ் எர்வி, பட்டாணி அசுவினி, அவரை இலை, 21 பாகை செல்சியஸ். மம்மிகளை, அதாவது உள்ளே குளவி வளரும் செத்துக் காய்ந்த அசுவினிகளை, இலையிலிருந்து தூரிகையால் எடுத்து ஜெலட்டின் குப்பிகளில் ஒவ்வொன்றாகப் போட்டேன், இளசுகள் அதில் வெளிவந்தவை. தேன் வைக்கவில்லை, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். 6 நாள் ஆனவை வளர்ப்புக் கூண்டிலிருந்து பிடித்தவை.

கூண்டுக்காரி:
கடைசி வரியில்தான் பதில் இருக்கிறது. கூண்டில் 6 நாள் இருந்தவை அவரைச் செடி மேல் நடந்து, அசுவினியின் தேன்கழிவை மிதித்து, எத்தனையோ முறை குத்திப் பழகியவை. உங்கள் இளசுகள் அசுவினியையே பார்த்ததில்லை. நீங்கள் வயதை ஒப்பிடவில்லை, பழகியதையும் பழகாததையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். போதாததற்கு ஒரு பக்கம் பட்டினி.

ஒரு முறை குத்தினாலே எவ்வளவு மாறுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிய குளவி முதலில் அசுவினியை உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும், விலகும், மறுபடி வரும். அப்புறம் வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்னால் வளைத்து, தலைக்கும் முன்னே நீட்டி, ஒரு நொடிகூட ஆகாமல் குத்திவிடும். அசுவினி உதைக்கும், பின்புறக் குழலிலிருந்து பிசுக்கை விடும். சில நேரம் அந்தப் பிசுக்கு குளவியின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அது வெகு நேரம் துடைத்துக்கொண்டிருக்கும். இதைத் தாண்டிய குளவியின் நடையே வேறு. இலையிலேயே நிற்கும், குறுக்கும் நெடுக்கும் திரும்பித் தேடும், செடியின் வாசனைக்கும் முன்பைவிட நன்றாகத் திரும்பும்.

மம்மியை இலையோடு வெட்டி எடுங்கள். வெளியே வரும்போது மம்மித் தோலிலும் இலையிலும் உள்ள வாசனையும் ஒரு பழக்கம்தான். தூரிகையால் பிரித்தபோது அதில் பாதி போய்விட்டது.

நுண்ணாடி:
"பழகியது" என்று சொல்லிவிட்டால் போதுமா? முட்டைக் கணக்குதான் அடிப்படை. எர்வி முட்டைகளில் பெரும்பகுதியை முதல் சில நாள்களிலேயே வைத்துவிடும். 6 நாள் ஆனதிடம் மிச்சம் கொஞ்சம், ஆயுளும் கொஞ்சம். அதனால் பார்த்ததையெல்லாம் குத்துகிறது. இதற்குக் கற்றல் எதற்கு?

மழைக்குறி:
நான் சொன்னதும் அதுதானே, ஆயுள் குறைந்தால் தேர்வு குறையும்.

கூண்டுக்காரி:
முட்டை குறைந்தால் குளவி கைக்கு வந்ததையெல்லாம் குத்தாது, பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்யும். ஆயுள் குறைந்தால்தான் கண்டதையும் குத்தும். இரண்டும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன, ஒரே காரணமாகச் சேர்க்க முடியாது. அதோடு, முட்டை வைத்த அசுவினியை ஒதுக்குவதில் புதிய குளவிதான் பல இனங்களில் மோசம், நல்லது கெட்டது எதையும் சந்திக்காததால் கிடைத்ததை ஏற்றுக்கொள்ளும்.

நுண்ணாடி:
பல இனங்கள் என்றால் எர்வியிலுமா? இனத்துக்கு இனம் மாறும்.

நிழல்தேடி:
நீங்கள் இருவரும் வேறு இழை திறந்துகொள்ளுங்களேன், அவருக்கு நாளை சோதனை.

வேர்நுனி:
ஒன்று கேட்கிறேன். குத்துவதை மட்டும் எண்ணுகிறீர்களா? குத்தினால் முட்டை வைத்ததாக ஆகாது. வயதான குளவி வெறுமனேயும் குத்தும். அசுவினிகளை அதே இலையில் வளர்த்து மம்மி ஆகும் வரை பாருங்கள், இந்த வெப்பத்தில் ஒன்றரை வாரம் ஆகும். சிலவற்றைக் கீறி, உள்ளே எத்தனை முட்டை என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் இரண்டு மூன்று இருந்தாலும் கடைசியில் ஒரே குளவிதான் வெளியே வரும், ஆகவே மம்மியை மட்டும் எண்ணினால் அது தெரியாது.

கூண்டுக்காரி:
சரியான கேள்வி. பச்சைஇலை, நாளைக்கே ஓட்டாதீர்கள், 4 தொகுதியாகப் பிரியுங்கள். இளசு பழகாதது, இளசு பழகியது, முதிர்ந்தது பழகாதது, முதிர்ந்தது பழகியது. எல்லாவற்றுக்கும் தேன். பழக்க வேண்டியவற்றை அதே அவரை இலையில் ஓரிரு அசுவினியைக் குத்தவிட்டு, ஓய்வு கொடுத்து, பிறகு தட்டில் விடுங்கள். முதிர்ந்து பழகாதவை 6 நாளும் அசுவினி வாசனையே படாமல் தேனோடு இருக்க வேண்டும். அவற்றிடம் முட்டை தேங்கியிருக்கும், அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நிழல்தேடி:
வெள்ளைத் தாளும்.

பச்சைஇலை:
இளசுகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். தேன் வைத்தேன், காலையில் ஒவ்வொன்றையும் ஓர் அசுவினியைக் குத்தவிட்டேன், பிற்பகல் தட்டில் விட்டேன். 12-ல் 10 குத்தின. மூடியில் ஏறியது ஒன்றுதான். தாளும் சுற்றியிருந்தேன். எல்லாருக்கும் நன்றி, மம்மி எண்ணிக்கை வந்ததும் போடுகிறேன்.

வேர்நுனி:
தேன், பழக்கம், தாள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள். தேனும் தாளும் வைத்து, பழக்காத இளசுகளை ஒரு 12 ஓட்டிவிடுங்கள்.

கூண்டுக்காரி:
பச்சைஇலை, மம்மி வந்ததா?