உடல் பருமனா, உடல் கன அளவா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
உடலை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வால்யூமைக் கணக்கிடும் கருவிக்குத் திரைச்சொற்கள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதோடு பிஎம்ஐயின் வேலை முடிந்துவிடும். இது வயிறு மட்டும் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதையும் தனியாகச் சொல்லும். 'உடல் பருமன் அளவீடு' சரியா?
– மொழிபெயர்ப்பாளர்

வேண்டவே வேண்டாம். பாடநூலில் பருமன் வால்யூம்தான். என் எதிரே உட்காருபவருக்கோ 'உடல் பருமன்' ஒரு நோய். ஒல்லியானவர்கூட 'எனக்கா டாக்டர்?' என்பார். 'கொள்ளளவு' என்றும் யாரும் கிளம்பாதீர்கள். அது குடம் உள்ளே வாங்குவது. குடம் அடைக்கும் இடம் வேறு.
– மருத்துவர்

இலங்கைப் பாடநூல்களில் 'கனவளவு'. உடற்கனவளவு. முடிந்தது கதை.
– ஆசிரியர்

எங்கே முடிந்தது? கனம் வடசொல். உரியியலில் 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்று தொல்காப்பியர் எடுத்து வைத்திருக்கிறார். கடலையே 'நளியிரு முந்நீர்' என்றார்கள், உடலுக்கு ஆகாதா? 'உடல்நளி' என்க.

ஸ்கேனருக்குச் சொல்லும் 'வருடி'யும் எனக்கு உடன்பாடில்லை. வருடுவது கை. ஒளி யாரைத் தடவிக்கொடுத்தது? செய்யுளை அசை அசையாகப் பிரித்துப் பார்ப்பது அலகிடுதல். ஆங்கில ஸ்கேனும் முதலில் யாப்புச் சொல்தான். 'அலகி' போதும்.
– புலவர்

புலவர் ஐயா, அலகிடுதல் அழகாகவே பொருந்துகிறது. கருவி உடலுக்குள் எதையும் பார்ப்பதில்லை. மேற்பரப்பில் புள்ளிகளை எடுத்து, முக்கோணங்களாகப் பின்னி, ஒவ்வொன்றையும் ஒரு பொதுப்புள்ளியோடு இணைத்து நான்முகியாக்கி, அவற்றின் வால்யூமைக் கூட்டல் கழித்தல் குறியோடு தொகுக்கிறது. ஆனால் 'அலகியின் அலகு லிட்டர்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

நளிதான் பெரிய வம்பு. அதே உரியியல் 'நளி என் கிளவி செறிவும் ஆகும்' என்கிறதே! எடையை வால்யூமால் வகுத்தால் அடர்த்தி, அதாவது செறிவு. அதிலிருந்து கொழுப்பு விழுக்காட்டுக்குப் போவது 1961இல் வந்த சிரி சமன்பாடு. உங்கள் கணக்கில் எடையை நளியால் வகுத்தால் நளி வரும்.
– நிரலாளர்

இடம் நோக்கிப் பொருள்கொள்வது தமிழ் மரபு.
– புலவர்

மரபு இருக்கட்டும். மூச்சை இழுத்துப் பிடித்து நின்றால் நெஞ்சு விரிந்து அளவு கூடிவிடும். நீருக்குள் எடைபோடும் பழைய முறையில் நுரையீரலில் எஞ்சும் காற்றைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். 'மூச்சை விட்டு, அசையாமல் நில்லுங்கள்' என்ற வரி திரையில் இருக்கிறதா? பெயரைவிட அதுதான் அவசரம்.
– மருத்துவர்

'நிற்கவும்' என்றிருந்தால் மரியாதை.
– ஆசிரியர்

'நிற்கவும்' பேருந்துப் பலகை. 'நில்லுங்கள்' இருக்கட்டும்.
– நிரலாளர்

சரி, அந்த வரியைச் சேர்த்துவிட்டேன், நன்றி அம்மா. மூன்று பேர் 'கன அளவு' பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். 'உடல் கன அளவு', 'முப்பரிமாண வருடி'. பிரித்தே எழுதுகிறேன், பொத்தானில் இரண்டு வரியாக மடிக்கலாம்.
– மொழிபெயர்ப்பாளர்

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் பேச்சில் கனம் என்றால் எடைதான். 'உடல் கன அளவு 70' என்று திரையில் வந்தால் பார்ப்பவர் கிலோ என்றே படிப்பார். பருமனைக் கண்டு பயந்தீர்களே, இதற்கு என்ன செய்வீர்கள்?
– புலவர்